முதல் வண்டியும் முடக்கின கம்ப்யூட்டரும்

அந்தப் பையைச் சித்தெ உங்க பக்கமா வெச்சுக்கங்க. உள்ள லேப்டாப்பு இருக்குதுங்க. நம்ம ஜனங்களுக்கு லேப்டாப்பும் ஒண்ணுதான், கருவாட்டு மூட்டையும் ஒண்ணுதான், மேலயே ஏறி உக்காந்துக்குவாங்க. உங்களைச் சொல்லலீங்க. பொதுவாச் சொன்னேன்.

நீங்க அந்தியூருக்குங்களா? நான் அதுக்கு முன்னாலயே, கொன்னமடையில இறங்கிக்குவேன். மாமனார் ஊரு. விருந்து சாப்புடப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுக்காரி பூங்கொடி கார்த்திகை மாசத்துல இருந்து அங்கதான் இருக்கறா. இப்ப மாசி. கூட்டிட்டு வரப் போறேன். மன்னிப்புக் கேக்க வர்றேன்னு எம் மச்சான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறானாம். மன்னிப்பா? நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கோணும்? விளக்கம் சொல்லப் போறேன். ஒரு பேப்பர் குடுத்தாங்கன்னா ரெண்டு வட்டம் போட்டு, நடுவுல ஒரு கோடு இழுத்துக் காட்டிடுவேன். அதோட விவகாரம் முடிஞ்சுது. புரிஞ்சுக்கற மண்டை இருந்தாப் புரிஞ்சுக்கட்டும்.

நான் சர்க்கரை ஆலையில கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்புங்க. பேரு மோகனசுந்தரம். ஆலைப் பேரு எதுக்கு, விடுங்க. இத்தனை வருசமா அங்க இருக்கறேன், நான் என்ன வேலை பாக்கறேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா என்னையக் கூப்புடுவான். டீவி ரிமோட் வேலை செய்யலைன்னா என்னையக் கூப்புடுவான். எங்க எம்.டி. ஒருக்கா ஏ.சி.யில தண்ணி சொட்டுதுன்னு எனக்குப் போன் பண்ணினாருங்க! கரண்டுல ஓடறதெல்லாம் என் தலையிலன்னு நெனப்பு.

உங்களுக்குச் சொன்னாப் புரியும், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆலையில ஒருத்தர் வேலைக்குச் சேந்தா அவருக்கொரு பேரு, ஒரு பாஸ்வேர்டு குடுப்போமில்லீங்களா? அதே மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு உண்டுங்க. ஆமாங்க, மெஷினுக்கேதான். ஸ்விட்ச் போட்டதும், நீங்க வந்து உக்காருறதுக்கு முந்தியே, அது சர்வர்கிட்டப் போயி, 'நான் இன்னார் வந்திருக்கறேன்'னு பேர் சொல்லும். சர்வர் பாத்து, சரி நம்ம ஆளுதான்னு உள்ள விட்டுப்போட்டு, இன்னிக்கு வந்துச்சுன்னு ஒரு குறிப்பு வெச்சுக்கும்.

இப்ப ஒரு கம்ப்யூட்டர் மாசக்கணக்கா வந்து பேரே சொல்லலைன்னு வைங்க. என்ன அர்த்தம்? ஒண்ணு, அது செத்துப் போச்சு. இல்லைன்னா எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். ஆனா அதோட பேரு மட்டும் உள்ள உசுரோட கெடக்கும். ஒரு திருட்டுப்பய அந்தப் பேரைச் சொல்லிட்டு வந்தான்னா கதவு தொறந்துக்கும். அதனால, தொண்ணூறு நாளா வராத கம்ப்யூட்டரை எல்லாம் முடக்கிப் போடோணும்னு ஒரு விதி. எழுதினது நானு. கையெழுத்துப் போட்டது எம்.டி. படிச்சாரான்னு மட்டும் கேக்காதீங்க.

முடக்கறதுன்னா அழிக்கறது இல்லீங்க. இதை நல்லாக் கேட்டுக்கங்க, ஏன்னா கொன்னமடையில 'அழிச்சுப்போட்டான், அழிச்சுப்போட்டான்'னு பேசிட்டிருக்கறாங்க. முடக்கினதை மறுபடியும் தொறந்து விடலாம். அதுக்கும் விதி இருக்குது. அந்தப் பிரிவுல இருந்து காரணம் எழுதி ஒரு மெயில் வரோணும். அதையும் நான்தான் எழுதினேன்.

போன கார்த்திகையில ஆடிட்டர் வர்றாருன்னு தகவல் வந்துச்சு. நானும் உக்காந்து, வராத கம்ப்யூட்டரை எல்லாம் பாத்துப் பாத்து முடக்கினேன். கையில விளக்குமாறு எடுத்தா மூலை முடுக்கெல்லாம் கூட்டோணும், அது என் பழக்கம். அதுல எடைமேடைக் கம்ப்யூட்டரும் போயிருச்சு.

எடைமேடை தெரியுமில்லீங்களா? கரும்பு லோடோட டிராக்டரை ஏத்தி நிறுத்தி எடை போடறது. அரவை முடிஞ்சா அந்த ரூமைப் பூட்டிப் போடுவாங்க. சித்திரையில பூட்டினா, அடுத்த அரவைக்குத்தான் தொறப்பாங்க.

பூட்டின ரூம்ல இருக்கற கம்ப்யூட்டர் எப்புடிங்க வந்து பேர் சொல்லும்னு கேக்கறீங்க. இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. சின்னப் புள்ளைல இருந்து பல்லுப் போன கிழவன் வரைக்கும் இந்த ஒரு கேள்விதான். எனக்கு அது எடைமேடைன்னு தெரியுமுங்களா? என் கண்ணுக்கு அது ஒரு பேரு, ஒரு நம்பரு, அவ்வளவுதான். கரும்பு எப்ப நடறாங்க, எப்ப வெட்டறாங்கன்னு பாக்கறது என் வேலையா? கரும்பு வண்டிக நிக்கற யார்டுப் பக்கம் நான் போறதே கெடையாதுங்க. புழுதி. போட்ட சட்டையத் தொவைக்கவே முடியாது.

அப்பவும் நான் சும்மா முடக்கிடலை. முன்கூட்டியே மெயில் அனுப்பிச்சேன். ஒண்ணுக்கு மூணு மெயில். 'இந்தக் கம்ப்யூட்டர் தேவையானால் பதில் அனுப்பவும்.' பதிலே இல்லை. எடைமேடை கிளார்க் அங்கமுத்துன்னு ஒருத்தன். அவன்கிட்டப் பின்னால கேட்டா என்ன சொல்றாங்கறீங்க? 'சார், எனக்கு மெயில் பாக்கறதுக்கு இருக்கறதே அந்த ஒரு கம்ப்யூட்டர்தானுங்க'ங்கறான். சாக்கு எப்புடி வருது பாத்தீங்களா? வேலை செய்யறதுக்குத்தான் வக்கில்லை, சாக்குச் சொல்றதுக்கு வாய் மட்டும் வங்காளம் வரைக்கும் போகும்.

இன்னொண்ணும் சொல்றான். அரவை தொடங்கற விழாவுக்கு முந்தின வாரமே ரூமைத் தொறந்து, கூட்டி, கம்ப்யூட்டரைப் போட்டுப் பாத்தானாம். ஜம்முனு ஓடுச்சாம், அணைச்சுட்டுப் போயிட்டானாம். நான் முடக்கினது அதுக்கு அப்பறம். 'வந்துட்டுத்தானே சார் இருந்துச்சு, அப்பறம் எதுக்கு முடக்கினீங்க?'ன்னு என்னையவே கேக்கறான்.

இங்கதான் அந்த ரெண்டு வட்டம் வருதுங்க. எங்களுக்கு ரெண்டு சர்வர். ஒண்ணு ஆபீஸ்ல என் ரூம்ல, இன்னொண்ணு யார்டு கேட்டுகிட்ட. எடைமேடைக் கம்ப்யூட்டர் போயி பேர் சொன்னது யார்டு சர்வர்கிட்ட. ஒரு சர்வர் தனக்குன்னு வெச்சுக்கற குறிப்பை இன்னொரு சர்வருக்குச் சொல்லாதுங்க. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஊடு மாதிரி. இந்த ஊட்டுக்கு விருந்தாளி ஒறம்பரை வந்தா அந்த ஊட்டுக்குத் தெரியாது. நான் என் சர்வரைப் பாத்தேன். அதுல வரலைன்னு இருந்துச்சு. முடக்கினேன். இதுல என் தப்பு எங்க இருக்குது?

ரெண்டையும் பாத்திருக்கலாமேங்கறீங்களா? யார்டு வரைக்கும் எவன் போவான்? சரி, உக்காந்த இடத்துல இருந்தே பாக்கலாம்னு வைங்க. இருந்தாலும்... ரெண்டு சர்வருக்கும் பொதுவா இன்னொரு குறிப்பும் இருக்குதுங்க. அதை ரெண்டும் பகிர்ந்துக்கும். ஆனா அது ஒரு சோம்பேறி. தெனமும் வர்ற கம்ப்யூட்டருக்குத் தெனமும் மாத்திக்காது, வாரம் ரெண்டு வாரம் பழசாவே நிக்கும். சரியா மணி சொல்லாத கடிகாரத்தை எவனாச்சும் நம்புவானா? நான் அதை நம்பறதே இல்லை. அதைப் பாத்திருந்தா அங்கமுத்து போட்டுப் பாத்தது தெரிஞ்சிருக்குமான்னா, தெரிஞ்சிருக்கும். மாசக்கணக்கா வராம வந்தா உடனே குறிச்சுக்கும். அதுக்காக? கொள்கைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

சரி, விழாவுக்கு வர்றேன். அரவை தொடங்கற அன்னிக்கு எங்க ஆலையில ஒரு பெரிய கூத்து. முதல் வண்டி, முதல் வண்டின்னு ஒரு கவுரவம். எந்த விவசாயி கரும்பு முதல்ல எடைமேடை ஏறுதோ அவருக்கு மாலை, பரிவட்டம், எம்.டி. கையால சால்வை. அந்தக் கரும்புதான் முதல்ல அரவைக்குப் போகும். அந்தக் கைராசியில வருசம் பூரா சர்க்கரை கொட்டும்னு ஒரு நெனப்பு. மெஷின்ல போட்டா எந்தக் கரும்பா இருந்தாலும் சாறுதான் வரும். சொன்னா யாரு கேக்கறாங்க?

இந்த வருசம் முதல் வண்டி எங்க மாமனாருக்கு. ஆறுச்சாமின்னு பேரு. கரும்புன்னா மனுசனுக்கு உசுரு. கல்யாணம் ஆகி நான் மொதமொதலா விருந்துக்குப் போனப்பவே சோறு போடறதுக்கு முந்தி காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கரும்பைத்தான் காட்டினாரு. அந்தப் பக்கத்துல எவன் புதுசாக் கரும்பு நட்டாலும் முதல் கரணைய, அந்த வெதைக் கரும்புத் துண்டை, இவர் கையால வெச்சாத்தான் நடுவாங்க. முதல் வண்டிக்கு அவரு காத்துக் கெடந்தது கொஞ்சநஞ்சம் இல்லீங்க. சேதி வந்த அன்னிக்கு எனக்குத்தான் முதல்ல போன் பண்ணினாரு. 'மாப்ள, உங்க ஆலையில நம்ம வண்டிதானுங் முதல்ல'ன்னு, கொழந்தையாட்ட சிரிக்கறாரு. நான் மீட்டிங்ல இருந்தேன், வெச்சுட்டேன்.

அன்னிக்கு வெள்ளிக்கெழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள எடை ஏறியாகோணும். டிராக்டரைக் கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, மாவெலை கட்டி, மாலை போட்டு, காஞ்ச சோகைய உரிச்ச கரும்பை லோடு ஏத்தி, ஒறமொறை எல்லாம் வேன்ல பின்னாலயே வந்து எறங்குச்சு. பூங்கொடி கல்யாணப் பட்டு. எனக்கு முன்வரிசையில சேரு. ஆபீசருன்னும் உக்காரலாம், மாப்பிள்ளைன்னும் உக்காரலாம்.

டிராக்டர் எடைமேடைக்கு மேல ஏறுச்சு. மாமனாரு பக்கத்துல கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கறாரு. மேளம் அடிக்குது. அங்கமுத்து ரூமுக்குள்ள இருந்து வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்து எங் காதுல சொல்றான், 'சார், கம்ப்யூட்டர் உள்ள விட மாட்டேங்குதுங்.'

'முடக்கியிருக்குது. மெயில் போடு, தொறந்து விடறேன்'னேன்.

'எதுல சார் மெயில் போடறது?'

'அது உன் பிரச்சினை'ன்னேன்.

சிரிக்காதீங்க. விதின்னா விதிதான். மாமனார் வண்டின்னு அன்னிக்கு நானே மீறித் தொறந்து விட்டேன்னு வைங்க, மறுநாள் கேண்டீன்ல என்ன பேசுவான்? 'மாமனாருக்குன்னா வாயில பேசினாப் போதும், நமக்குன்னா மெயிலு'ன்னு பேச மாட்டானா? ஆடிட்டர் வேற வர்றாரு.

எம்.டி. வந்து என்னப்பா தாமதம்னாரு. பாதுகாப்பு விதிங்க சார்னு இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாரு. புரியாததுக்குத் தலையாட்டறதுதான் எம்.டி. வேலை.

என் போன்லயே தொறந்து விட்டிருக்கலாமான்னு கேக்கறீங்க. பண்ணியிருக்கலாம். உக்காந்த இடத்துல இருந்தே ஒரு நிமிசம் ஆகாது. விசயம் அது இல்லீங்க.

மேளக்காரன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு நிறுத்திட்டான். பூங்கொடி எந்திரிச்சு என்கிட்ட வந்தா. மெதுவாத்தான் சொன்னா. 'ஏனுங், சித்தெ எந்திரிச்சு வந்து பாருங். அப்பா எத்தனை நேரமா கும்புட்ட கையோட நிக்கறாரு.'

'உனக்கு ஒரு எழவும் தெரியாது, போய் உக்காரு'ன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. முன்வரிசையே திரும்பிப் பாத்துச்சு. மாமனாரும் பாத்தாரு. கும்புட்ட கையக் கீழ போட்டுட்டாரு.

அய்யரு ராகுகாலம் வருது, ராகுகாலம் வருதுன்னு குதிக்கறாரு. அவருக்குத் தட்டுல விழறது விழுந்தாச்சு, அப்பறம் என்ன குதி? யார்டு மூலையில மாட்டு வண்டிக்குன்னு பழைய சின்ன எடைமேடை ஒண்ணு இருக்குது. கம்ப்யூட்டரும் கெடையாது ஒண்ணும் கெடையாது, முள்ளு ஆடற தராசு. டிராக்டர் அதுல ஏறாது. பொங்கியண்ணன்னு ஒருத்தரு மாட்டு வண்டியில கொஞ்சம் கரும்போட கடைசியில நின்னுட்டு, மூக்குப்பொடி போட்டுட்டு இருந்தாரு. எம்.டி. அவரைப் பாத்து, 'அந்த வண்டிய ஏத்துங்கய்யா'ன்னுட்டாரு. டிராக்டர்ல இருந்த மாலையக் கழட்டி மாட்டுக்குப் போட்டாங்க. பரிவட்டம் பொங்கியண்ணன் தலைக்கு. அவரு பொடி போட்ட மூக்கைத் தொடைக்கக்கூட நேரமில்லாம சால்வை வாங்கிட்டாரு. அத்தனை ஜனமும் கை தட்டுதுங்க. இதுதான் நம்ம ஜனம். எந்த வண்டி ஏறினாலும் கை தட்டும்.

மத்தியானம் கரும்புப் பிரிவு மேனேஜர் எங்கிருந்தோ ஒரு மெயில் போட்டாரு. வந்த நிமிசமே தொறந்து விட்டேன். ஒரு நொடி தாமதிக்கலை. இதை ஒருத்தனாவது சொல்றானா? சொல்ல மாட்டான்.

அதுக்குள்ள மாமனாரு வண்டியத் திருப்பச் சொல்லிட்டாரு. கரும்பைக் கொண்டுபோய் எங்கியோ வெல்லம் காய்ச்சற கொட்டாய்ல எறக்கிட்டாராம். போறதுக்கு முந்தி என்கிட்ட வந்து, 'மாப்ள, பந்தி போட்டிருக்கறாங், சாப்புட்டுப் போங்'ன்னாரு. குத்தலைப் பாத்தீங்களா? வயசானாலும் குசும்பு போகலை.

பூங்கொடி அன்னிக்கே அவிய வேன்ல ஏறிப் போயிட்டா. போற வழியில ஊட்டுக்கு வந்து, குக்கரையும் எடுத்துட்டுப் போயிருக்கறா. அதை வாங்கிக் குடுத்தது அவங்கப்பாவாம். இத்தனை மாசமா நான் கேண்டீன் சோத்தைத் தின்னுட்டு, ஊட்டுக்குப் போனாப் பேச ஒரு ஆளில்லாம, சுவத்தைப் பாத்துட்டுக் கெடக்கறேன். கஷ்டமாத்தான் இருக்குதுங்க. அதை அவகிட்டச் சொல்லிடாதீங்க... நீங்க எங்க அவளைப் பாக்கப் போறீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்ப கொன்னமடையில என்ன பேச்சுன்னா, ஆறுச்சாமி வண்டி ஏறினதும் ஆலை மெஷினே நின்னு போச்சு, அவரு கைராசி போச்சு. எப்புடி இருக்குது பாருங்க! கம்ப்யூட்டர் முடங்கினதுக்கும் கைராசிக்கும் என்னங்க சம்பந்தம்? ஆனா ஊரு நம்பிருச்சு. தையில நடவு நட்ட ஒருத்தரும் முதல் கரணை வைக்க அவரைக் கூப்புடலையாம். அவரும் காட்டுக்கே சரியாப் போறதில்லைன்னு மச்சான் சொன்னான்.

பூங்கொடி சொல்லி அனுப்பிச்சது ஒண்ணே ஒண்ணுதான். 'எங்கப்பா கையில கொறை இல்லை, நீங்க பண்ணின காரியம் அதுன்னு ஊர்ல நாலு பேரு முன்னால வந்து சொல்லுங். அன்னிக்கே வர்றேன்.' அவ்வளவுதான் கேக்கறா. வேற நகை நட்டு ஒண்ணும் கேக்கலை.

எப்புடிங்க அப்புடிச் சொல்ல முடியும்? நான் பண்ணினது என்ன காரியம்? விதியை நடைமுறைப்படுத்தினேன். ஆடிட்டர் என்னையப் பாராட்டி எழுதிட்டுப் போனாருங்க, தெரியுமா? இந்த ஆலையில ஒழுங்கா நடக்கறது இந்தப் பிரிவு ஒண்ணுதான்னு எழுதினாரு. கொன்னமடையில நாலு பேருன்னா யாரு? டீக்கடையில பேப்பரைத் தலைகீழாப் புடிச்சுட்டு உக்காந்திருக்கற ஆளுங்க. அவிங்க முன்னால நான் நின்னு, என் தப்புன்னு சொல்றதா? நான் ஊட்டுக்குள்ள உக்காந்து, மாமனாருக்கு ரெண்டு வட்டம் போட்டுக் காட்டுவேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்கப்படாது.

கொன்னமடை வந்துருச்சுங்களா? அதா, அந்த டீக்கடைதான் ஸ்டாப்பு. பையக் குடுங்க. இருங்க, இருங்க. யாரு அது, வெள்ளைச் சட்டை போட்டுட்டு?

அவருதாங்க. மாமனாரு. நான் வரச் சொல்லவே இல்லியே. மச்சான் சொல்லியிருப்பான். மாப்பிள்ளை வர்றாருன்னு ஸ்டாப்புக்கே வந்து உக்காந்திருக்கறாரு பாருங்க. பஸ்ஸைப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு. என்ன இளைச்சுப் போயிட்டாரு மனுசன்! சட்டை தொளதொளங்குது. டீக்கடை பெஞ்சுல அந்த நாலு பேரும் உக்காந்திருக்கறாங்க. இவரு மட்டும் அவிங்களோட சேராமத் தள்ளி உக்காந்திருந்தாரு. துண்டைத் தோள்ல இருந்து எடுத்துக் கையில புடிச்சுட்டு நிக்கறாருங்க. எனக்காக! நான் அன்னிக்கு... வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமுங்களா, அவரு எதுக்குங்க எனக்காக எந்திரிச்சு நிக்கோணும்?

எறங்கறேன் கண்டக்டரே, எறங்கறேன். ஒரு நிமிசம். அவசரப்படுத்தாதீங்க.

பயமா இருக்குது. நீங்க சித்தெ முன்னால நகந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் பையை எங் கையில குடுங்க, மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கறேன். ஒவ்வொரு சன்னலாப் பாத்துட்டு வர்றாரு.

கண்டக்டரே, அந்தியூருக்கே ஒண்ணு குடுங்க. ஆமாங்க, இங்க எறங்கலை. பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க.

கிளம்பிருச்சுங்களா? நான் குனிஞ்சுக்கறேன், நீங்க திரும்பிப் பாத்துச் சொல்லுங்க. ஊட்டுக்குப் போறாருங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. இன்னும் அங்கியேதான் நிக்கறாருங்களா?